டிக் பக்கத்தில் ஒரு பிறை

காலை எட்டு மணிக்கு டேப்லெட் மணியடித்தது. மரியசெல்வி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் திரையைத் தொட்டாள். மூன்றாம் அறை, அப்துல் ஹமீது, வயது எழுபத்தாறு. காலை உணவு: முழுவதும் சாப்பிட்டார். சர்க்கரை மாத்திரை ஒன்று: கொடுத்தாகிவிட்டது. இரண்டு டிக் விழுந்தன. மணி வாயை மூடிக்கொண்டது.

இரண்டுமே பொய். அப்துல் ஹமீது பாய் அப்போது கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு ஒன்பதாவது நோன்பு. அவர் பெயரில் வந்த ரொட்டியும் அவித்த முட்டையும் பக்கத்துக் கட்டில் வடிவேலுவின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன.

வடிவேலு ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பாய்க்கு நோன்பு வந்ததிலிருந்து அவருக்குத் தினமும் விருந்து. ஒன்பது நாளில் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டார். அதையும் டேப்லெட் விடவில்லை. வடிவேலுவுக்குச் சாப்பாட்டைக் குறைக்கவும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. பாவம், குறைத்ததும் வடிவேலுவின் சாப்பாட்டைத்தான். பாயின் சாப்பாடு முழுசாக வந்துகொண்டிருந்தது.

பாயா ரும்புட்டில் தெருக்கோடி வீடு ஒன்றை முதியோர் இல்லமாக மாற்றி நடத்துகிறார் ரெஜினால்ட். பதினான்கு கட்டில்கள். மரியசெல்வி அங்கே பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். போன டிசம்பர்வரை எல்லாவற்றையும் நீல அட்டை போட்ட பெரிய ரெஜிஸ்டரில்தான் எழுதினார்கள். யார் சாப்பிட்டார், யாருக்கு எந்த மாத்திரை, யார் கக்கூஸ் போனார், யார் போகவில்லை, எல்லாம் அதில்.

பாய் இங்கே வந்த முதல் வருஷம், நோன்பு மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. எட்டு மணிக் கட்டத்தைக் காலியாக விட்டால் மருந்து கொடுக்கவில்லை என்றாகிவிடும். டிக் போட்டால் எட்டு மணிக்குக் கொடுத்ததாகிவிடும். மரியசெல்விதான் யோசித்து டிக்கைப் போட்டு, பக்கத்தில் குட்டியாக ஒரு பிறை வரைந்தாள். பிறை இருந்தால் பாய் நோன்பு, மாத்திரை சாயந்திரம் நோன்பு திறந்த பிறகு என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. மாதம் ஒருமுறை வரும் பழைய டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த மாதத்துக்கு மட்டும் மாத்திரை அளவைக் குறைத்து எழுதி, பிறைக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். மூன்று நோன்பு மாதம் அப்படித்தான் போனது.

பிறகு பழைய டாக்டர் ஓய்வு பெற்றார். டேப்லெட் வந்தது. புது டாக்டர் டவுனில் தன் கிளினிக்கில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் திரையில் பார்த்துக்கொள்கிறார்.

இல்லத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சாதனத்தைக் கண்டாலே ஆகாது. நம்மைக் காட்டிக்கொடுக்க வந்தது என்றுதான் பேச்சு. இரவு ஷிப்ட் தேவிஸ்ரீக்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. முன்பெல்லாம் ஷிப்ட் மாறும்போது வருகிறவரும் போகிறவரும் கட்டில் கட்டிலாக நடந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் பேசி ஒப்படைப்பார்கள். அரை மணி நேரம் ஆகும். இப்போது தேவிஸ்ரீ, "எல்லாம் டேப்லெட்ல இருக்குக்கா" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். புக்கிட் ரம்பாயில் வீடு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த வருஷம் மரியசெல்வியின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாளே பாய்க்கு முதல் நோன்பு. நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தவளின் கை, அடுத்த நாள் காலை டேப்லெட்டில் பிறை போட இடம் தேடியது. 'சாப்பிடவில்லை' என்று அமுக்கினால் ஏன் என்று கேட்டது. கீழே நான்கு பதில்கள் இருந்தன. மறுத்துவிட்டார். உடம்பு சரியில்லை. தூங்குகிறார். வெளியே போயிருக்கிறார். நான்கில் எதுவும் பாய்க்குப் பொருந்தவில்லை. மணியோ விடாமல் அடித்தது. அது நிற்காவிட்டால் சூப்பர்வைசர் வெரோனிக்காவின் போனுக்குப் போகும், அங்கிருந்து ரெஜினால்டுக்கு, அங்கிருந்து ஷா ஆலாமில் இருக்கும் பாயின் மகள் ஹஃப்சாவுக்கு. ஜனவரியிலேயே ஹஃப்சா கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்: அத்தா இந்த வருஷம் நோன்பு வைக்கக் கூடாது. புது டாக்டரும் வேண்டாம் என்றுவிட்டார். நோன்புக்கு ஈடாக ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய அரிசியையும் அவள் முன்கூட்டியே கொடுத்துவிட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மரியசெல்வி 'முழுவதும் சாப்பிட்டார்' என்பதை அமுக்கினாள். இன்றைக்கு ஒரு நாள் அமுக்குவோம், நாளைக்கு யாரிடமாவது கேட்டுக்கொள்வோம் என்றுதான் நினைத்தாள்.

டேப்லெட்டில் போடுவதெல்லாம் ஹஃப்சாவின் போனுக்கும் போகும். அடுத்த நிமிஷமே அவளிடமிருந்து பதில் வந்து திரையில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், நன்றி அக்கா என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு இதயம் ஒன்று. அதற்கப்புறம் யாரிடம் போய் என்ன கேட்பது? மறுநாளும் அமுக்கினாள்.

எட்டு மணி மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் கப்பில் போட்டு பாயின் தொப்பிக்குப் பின்னால் வைத்துவிடுவாள். சாயந்திரம் ஏழரைக்குப் பாங்கு சொல்லி, பாய் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் சாப்பிட்ட பிறகு, அப்போதுதான் வேலைக்கு வந்திருக்கும் தேவிஸ்ரீ அதை எடுத்துக் கொடுப்பாள். இரவு எட்டு மணிக்கு விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பாள். கஞ்சி உள்ளே போன சூட்டில் அது ஏறித்தான் இருக்கும். தேவிஸ்ரீ நேர்மையானவள். வந்த எண்ணை அப்படியே போடுவாள்.

பத்தாவது நோன்பு அன்று, சனிக்கிழமை காலை, திரையில் நீலப் பட்டை ஒன்று ஓடியது. மூன்றாம் அறை, சர்க்கரை மாத்திரை: ஒன்றுக்குப் பதிலாக இரண்டு.

மரியசெல்வி அதை இரண்டு தடவை வாசித்தாள். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் பன்னிரண்டு வருஷம் சர்க்கரைக்காரர்களோடு கிடந்தவளுக்கு இந்தக் கணக்கு தெரியும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சாப்பிட்டு, எட்டு மணிக்கே மாத்திரையும் போட்டுவிட்டு, அப்படியும் சாயந்திரம் பதினாறுக்கு ஏறுகிற ஒரு மனிதர் அந்தத் திரையில் இருந்தார். டாக்டர் அந்த மனிதருக்குத்தான் மருந்து எழுதியிருக்கிறார். அப்படி ஒரு மனிதரே மூன்றாம் அறையில் கிடையாது. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் தொடாத கிழவருக்கு இரண்டு மாத்திரை போனால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும். ஆளே போய்விடக்கூடும்.

வெரோனிக்காவின் கண்ணாடி அறைக்குப் போய் நின்றாள்.

"வெரோனிக்கா, மூணாம் ரூம் பாய்க்கு மாத்திரை ரெண்டாயிருச்சே. ஏம்மா?"

"சாயந்திரம் சுகர் ஏறிக்கிட்டே போகுதுலா அக்கா. பத்துக்குள்ள இருக்க வேண்டியது பதினாலு, பதினஞ்சு, நேத்து பதினாறு. டாக்டர் கிராஃப் பாத்துட்டு ஏத்திட்டாரு. முன்ன மாதிரி மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம், பாத்தீங்களா? ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு."

"அவரு காலைல சரியா சாப்பிடலன்னு வச்சுக்க, அப்ப..."

"சாப்பிடறாரே!" வெரோனிக்கா திரையை அவள் பக்கம் திருப்பினாள். பத்து நாள், வரிசையாக டிக். "நீங்கதானே போட்டிருக்கீங்க. ஃபுல்லா சாப்பிட்டாரு, ஃபுல்லா சாப்பிட்டாரு. இருக்கறதுலயே உங்க என்ட்ரிதான் சுத்தமா இருக்குன்னு பாஸ் சொன்னாரு. அந்தம்மா எத்தன லவ் அனுப்பியிருக்காங்க பாருங்க."

மரியசெல்வி பார்த்தாள். பத்துச் சிவப்பு இதயங்கள்.

"ஏதும் சொல்லணுமா அக்கா?"

சொல்லத்தான் வந்தாள். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் போன வாரம்தான் ரெஜினால்ட் எல்லாரையும் ஹாலில் நிற்கவைத்துப் பேசியிருந்தார். யாராவது ஒரே ஒரு பொய் என்ட்ரி போட்டாலும் அன்றைக்கே வெளியே போகலாம். யார் போட்டார், எந்த நொடியில் போட்டார், எல்லாம் உள்ளே பதிவாகி இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் எந்த வாசலில் போய் வேலை கேட்பது? அவளை நம்பி வீட்டில் ஆள் இல்லை. அவளைத் தாங்கவும் ஆள் இல்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. பூசைக்குப் போயிட்டு ஒரு மணி நேரம் லேட்டா வரவா? எட்டு மணி மாத்திரைக்குள்ள வந்துருவேன்." என்று கேட்டாள்.

"போயிட்டு வாங்கக்கா" என்றாள் வெரோனிக்கா.

கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது மரியசெல்விக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது.

நேராகப் பாயிடம் போனாள்.

"பாய், நோன்ப விட்டுருங்க. டாக்டர் மாத்திரைய ஏத்திட்டாரு. ஒத்துக்காது."

"ஏத்தட்டும். நீ குடுக்கறதத்தானே நான் முழுங்கறேன்?"

"வெளையாட்டு இல்ல பாய். உங்க மவளுக்கு நானே போன் போட்டுச் சொல்லிர்றேன்."

பாய் தஸ்பீஹைத் தலையணைக்கு அடியில் வைத்தார். "சொன்னா நாளைக்கே வந்து ஷா ஆலாமுக்குக் கூட்டிட்டுப் போயிருவா. பதினேழாவது மாடி. காலைல கதவச் சாத்திட்டு வேலைக்குப் போயிருவா, சாயந்திரம் வந்து தொறப்பா. அவ மேல குத்தம் இல்ல, தங்கச்சி. நல்ல பிள்ள. ஆனா அங்க நான் யாரோட பேசுவேன்?"

"நோயாளிக்கு நோன்பு வேணாம்னு உங்க வேதத்துலயே இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இருக்கு. அல்லாஹ் சலுகை குடுத்திருக்கான். எனக்குத் தெரியும்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "குளிக்கறது உங்க மணிக்கு. திங்கறது உங்க மணிக்கு. பேம்பர்ஸ் மாத்தறதுகூட உங்க மணிக்குத்தான். இந்த ஒரு மாசம் ஒண்ணே ஒண்ண நானா செய்யறேன். அதையும் புடுங்கறியா?"

முந்தின நாள் வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து, மீன் பொரிக்கும் வாசத்தைத் தாண்டிப் போனவள் அவள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. யாராவது விடச் சொல்லியிருந்தால் அவளுக்கும் கோபம்தான் வந்திருக்கும்.

ஆகவே தன் வழியிலேயே ஒரு முடிவு செய்தாள். அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை பிதுக்கினாள். ஒன்றைக் கப்பில் போட்டாள். மற்றொன்றை டிஷ்யூவில் சுற்றி ஏப்ரன் பைக்குள் தள்ளினாள். திரையில், இரண்டு கொடுத்தாகிவிட்டது என்று அமுக்கினாள். சாப்பாட்டில் பொய், நேரத்தில் பொய், இப்போது எண்ணிக்கையிலும் பொய்.

தேவிஸ்ரீயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்பு போல கட்டில் கட்டிலாக நடந்திருந்தால், மூன்றாம் அறை வாசலில் தானாகவே வாயில் வந்திருக்கும். இப்போது தேவிஸ்ரீ வந்ததும் டேப்லெட்டைக் கையில் எடுத்துவிடுகிறாள். மரியசெல்வியும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறாள். அதெல்லாம் சாக்குதான். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளிடம், நான் டாக்டர் சொன்னதை மாற்றிக் கொடுக்கிறேன், நீயும் வாயை மூடிக்கொள் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை போனது. ஞாயிறும் போனது. பூசையில் முழங்காலில் நின்று, இந்த மாதம் முடிகிறவரை எதுவும் நடக்காமல் இருக்கட்டும் என்று மன்றாடினாள். உண்மையைச் சொல்ல தைரியம் கொடு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்ற பயம்.

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு மணியடித்தது. 'முழுவதும் சாப்பிட்டார்.' பாய் அசந்து தூங்குவது போலக் கிடந்தார். நோன்பு நாளில் மதியம் தூங்குவது வழக்கம்தான் என்று விட்டுவிட்டாள்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வடிவேலுவின் குரல் கேட்டது. "மரியா! இங்க வா! பாய் ஒரு மாதிரியா பேசறாரு!"

ஓடினாள். பாயின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றி சில்லென்று இருந்தது. கண் திறந்திருந்தும் அவளைப் பார்க்கவில்லை. செத்துப்போன மனைவியின் பெயரைச் சொல்லிக் கடைக் கதவைச் சாத்தச் சொன்னார். நாக்கு குழறியது. வலது கை கட்டிலுக்கு வெளியே துவண்டு தொங்கியது.

அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒரு மாத்திரைக்கு இப்படி ஆகாதே என்றும் மனசு சொன்னது. யோசிக்க நேரமில்லை. சமையலறைக்கு ஓடி, தே தாரேக் டீயில் கலக்கும் இனிப்பு டின்பாலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் வெரோனிக்கா டேப்லெட்டோடு வந்துவிட்டாள். ஒரு கையில் போன். ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்குக் காலை உணவு, முழுவதும். இரண்டு மாத்திரை. பன்னிரண்டரைக்கு மதிய உணவு, முழுவதும். நேற்று ராத்திரி சர்க்கரை பதினேழு. வாய் குழறுகிறது, கை விழுந்துவிட்டது, ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது.

டின்னைப் பார்த்ததும் போனை இறக்கினாள். "என்ன பண்றீங்க? சுகர் ஏறிப்போன ஆளுக்குப் பால் ஊத்தறீங்களா?"

"ஏறல. எறங்கிருச்சு. வெலகு."

"எப்படி எறங்கும்? ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடிதானே ஃபுல்லா சாப்பிட்டிருக்காரு! மேல சுகர் பாக்கற மெஷின் சார்ஜ்ல இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். வர்ற வரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க. தப்பாச்சுன்னா யாரு பதில் சொல்றது?" வெரோனிக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. பயந்தவளின் பிடி.

பாயின் கண் மேலே செருகியது.

"அவரு சாப்பிடல!" மரியசெல்வி கத்தினாள். "காலைல சாப்பிடல. மத்தியானம் சாப்பிடல. பன்னெண்டு நாளா பகல்ல ஒண்ணுமே சாப்பிடல. நோன்பு வச்சிருக்காரு. நான் பொய் டிக் போட்டேன். எல்லாம் பொய். நான்தான் போட்டேன். கைய விடு!"

வெரோனிக்கா கையை விட்டாள்.

மரியசெல்வி பாயை ஒருபக்கமாகப் புரட்டி, விரலில் டின்பாலைத் தோய்த்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் தேய்த்தாள். பாய் பல்லைக் கடித்தார். நினைவு போன நிலையிலும் அந்த வாய் திறக்க மறுத்தது. "பாங்கு... பாங்கு சொல்லல..." என்று முனகியது.

"சொல்லியாச்சு பாய், சொல்லியாச்சு" என்று அழுதுகொண்டே மறுபடியும் தேய்த்தாள். அந்த மாதத்தில் அவள் சொன்ன கடைசிப் பொய் அது.

மெஷின் வந்தது. வெரோனிக்கா விரலில் குத்தினாள். ஒன்று புள்ளி எட்டு. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. வெரோனிக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் போனை மறுபடி காதில் வைத்து, தான் முன்பு சொன்னது அத்தனையும் தப்பு என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னாள். டின்னில் கால்வாசி காலியாகியிருந்தபோது பாயின் வலது கை லேசாக அசைந்தது. ஆம்புலன்ஸ் வந்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

இரண்டாவது மாத்திரை எப்படிப் போனது என்று சாயந்திரம் தேவிஸ்ரீ வேலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. "ஸ்கிரீன்ல ரெண்டுன்னு இருந்துச்சுக்கா. சனிக்கிழமை நான் கவனிக்கல. நேத்து கப்புல பாத்தா ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க மறந்துட்டீங்க, மாட்டிக்கக் கூடாதேன்னு நானே அலமாரியில இருந்து இன்னொண்ணு எடுத்துக் குடுத்தேன்" என்றாள். அவளுக்கு அழுகை அடங்கவில்லை. "விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புனேன். பசிக்கலன்னு ரெண்டு மொடக்கு தண்ணிதான் குடிச்சாரு. அத எங்க போடறதுன்னு தெரியல, விட்டுட்டேன்."

மரியசெல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தேவிஸ்ரீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை. எழுதியிருந்ததை நம்பினாள், அவ்வளவுதான்.

மறுநாள் பதினோரு மணிக்கு ரெஜினால்ட் அறையில் கூட்டம். அவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார், வெரோனிக்கா பக்கத்தில் நின்றாள். எதிரே ஹஃப்சா. இரவெல்லாம் வார்டில் இருந்துவிட்டு நேராக வந்திருந்தாள். அத்தா கண் விழித்துவிட்டார், இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மரியசெல்வி சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குமேல் அவளுக்கு என்ன நடந்தாலும் சரி என்றிருந்தது.

ஹஃப்சா கத்தவில்லை. தன் போனைத் திறந்து மேஜைமேல் வைத்து, விரலால் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போனாள். காலை உணவு, முழுவதும். மதிய உணவு, முழுவதும். காலை உணவு, முழுவதும்.

"தெனம் காலைல ட்ரெயின்ல இதப் பாப்பேன்" என்றாள். "பாத்ததும்தான் எனக்கு நிம்மதி. அத்தா எம்பேச்ச முதல் தடவையா கேட்டுட்டாருன்னு எம்புருசங்கிட்ட பெருமையா சொன்னேன்."

மரியசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வருசமெல்லாம்? அப்ப நான் எதுவும் எழுதிக் குடுக்கலியே. அப்ப வச்சாரா?"

மரியசெல்வி எழுந்துபோய், ஸ்டோரில் கட்டிப் போட்டிருந்த நீல ரெஜிஸ்டரை எடுத்துவந்து, போன வருஷத்து நோன்பு மாதத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு டிக் பக்கத்திலும் பிறை. சிலது கோணல், சிலது அவசரம், தேவிஸ்ரீ போட்டது மட்டும் கொஞ்சம் பெரிசு. அடியில் டாக்டரின் கையெழுத்து.

ஹஃப்சா பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல" என்றாள்.

ரெஜினால்ட் தொண்டையைச் செருமினார். "அக்கா, நேத்து மத்தியான என்ட்ரிய மட்டும் நீங்க திருத்தலாம். இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ளன்னா போட்டவங்களே மாத்த முடியும். மத்த நாளெல்லாம் லாக் ஆயிருச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அப்படியேதான் நிக்கும்." டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினார்.

மரியசெல்வி 'சாப்பிடவில்லை' என்பதை அமுக்கினாள். ஏன் என்று கேட்டது. அதே நான்கு பதில்கள். முதல் நாள் போலவே விரல் நின்றுவிட்டது.

"மேல தள்ளுங்கக்கா" என்றாள் வெரோனிக்கா மெல்ல. அவளே குனிந்து விரலால் பட்டியலை மேலே தள்ளினாள். அடியில் ஐந்தாவதாக ஒன்று ஏறிவந்தது. மற்றவை, எழுதவும். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். பிறை வரைய இடமில்லாவிட்டாலும் ஒரு வார்த்தை எழுத இடம் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது.

மரியசெல்வி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினாள். இந்த ஊரில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் தெரிந்த, நோன்புக்கான மலாய் வார்த்தைதான், ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்து. புவாசா.

ஹஃப்சாவின் போன் மேஜைமேல் மணியடித்தது. அவள் எடுத்து வாசித்தாள். மதிய உணவு: சாப்பிடவில்லை. காரணம்: புவாசா.

"இத மொத நாளே போட்டிருந்தா நான் வந்து சண்ட போட்டிருப்பேன்" என்றாள். "அத்தாவும் சண்ட போட்டிருப்பாரு. ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசாம இருந்திருப்போம். அவ்வளவுதானே அக்கா? அதுக்குப் பயந்தா அவரு உயிரு போகப் பாத்துச்சு?"

மரியசெல்விக்கு அடிவயிற்றில் இருந்து அழுகை வந்தது. பாயின் மாதத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தாள். அப்பனும் மகளும் போட்டிருக்க வேண்டிய ஒரு சண்டையைத்தான் பன்னிரண்டு நாளாகத் தடுத்திருக்கிறாள். "என்னை மன்னிச்சிரும்மா" என்றாள். ஹஃப்சா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரெஜிஸ்டரைப் பார்த்து, "இந்தப் பக்கத்த நான் போட்டோ எடுத்துக்கவா?" என்று மட்டும் கேட்டாள்.

வேலை போய்விட்டது என்று ரெஜினால்ட் இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மரியசெல்வி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஏப்ரன் பைக்குள் கை விட்டபோது டிஷ்யூவில் சுற்றிய மாத்திரைகள் தட்டுப்பட்டன. அவற்றையும் எடுத்து அட்டை பக்கத்தில் வைத்தாள்.

பன்னிரண்டரைக்கு டேப்லெட் மணியடித்தது. மூன்றாம் அறை, வடிவேலு, மதிய உணவு. மரியசெல்வி பழக்கதோஷத்தில் எழுந்து கையை நீட்டிவிட்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா" என்றார் ரெஜினால்ட். டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.